நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின்: மருந்துக் கடையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடத்துக்கு மேலாக மருந்துக் கடை நடத்துகிறேன். சர்க்கரை நோயால் பாதம் எரிகிறவர்கள், அக்கி ஆறியும் வலி விடாதவர்கள் சீட்டை நீட்டுவார்கள். அதில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. என்று இருக்கும். காலையில் வாங்கிப் போனவரில் பாதிப் பேர் மாலைக்குள் போன் செய்வார்கள், இல்லையென்றால் மாத்திரை அட்டையோடு கடைக்கே வந்து நிற்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கீழே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கொடுத்திருக்கிறேன்.

என் அம்மாவும் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர். அதனால் சில பதில்களில் அவரும் வருவார். உங்களுக்கு எத்தனை மி.கி., எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இது என்ன மாத்திரைங்க? புதுசா வந்ததா?

புதிது இல்லை. அமெரிக்காவில் 1961-லேயே விற்பனைக்கு அனுமதி கிடைத்த மருந்து. இதற்கு அண்ணன் முறையில் இமிப்ரமின் என்றொரு மருந்து உண்டு. ஸ்விட்சர்லாந்தில் ரோலண்ட் குன் என்ற மனநல மருத்துவர் அது மனச்சோர்வைக் குறைக்கிறது என்று 1957-ல் எழுதினார். அதே குடும்பத்தில் அடுத்து வந்தது அமிட்ரிப்டிலின். உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. விலை மிகக் குறைவு. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து.

நெட்ல பாத்தா டிப்ரஷன் மாத்திரைன்னு போட்டிருக்கு. எனக்கு மனசு சரியில்லன்னு டாக்டர் நினைக்கிறாரா?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கேட்கும்போது பலருக்குக் குரல் இறங்கிவிடும். இல்லை, டாக்டர் அப்படி நினைக்கவில்லை. மனச்சோர்வுக்கு இதை 75 முதல் 150 மி.கி. வரை கொடுப்பார்கள். நரம்பு வலிக்கு 10 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் 25, 50 என்று மெல்ல ஏற்றுவார்கள். பெரும்பாலும் 75-ஐத் தாண்டுவதில்லை.

வலி குறைவது மனம் தெளிவதால்தானா என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. அதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1982-ல் கனடாவில் வாட்சனும் அவருடைய குழுவினரும் அக்கிக்குப் பிறகு வலி நீடித்த 24 பேருக்கு இந்த மாத்திரையையும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 16 பேருக்கு அமிட்ரிப்டிலினில் நல்ல பலன் கிடைத்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சோர்வு அளவீட்டில் மாற்றமே இல்லை, வலி மட்டும் குறைந்திருந்தது.

1992-ல் அமெரிக்காவில் மாக்ஸ் குழுவினர் சர்க்கரை நோய் நரம்பு வலி உள்ளவர்களிடம் செய்த சோதனை இன்னும் தெளிவானது. அமிட்ரிப்டிலின் சாப்பிட்டவர்களில் 74 சதவீதம் பேர் வலி ஓரளவோ அதற்கு மேலோ குறைந்ததாகச் சொன்னார்கள். ஃப்ளுவாக்ஸெடினும் மனச்சோர்வுக்கு நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் 48 சதவீதம், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 41 சதவீதம், இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மனசு சரியானால் வலி போகும் என்பது உண்மையாக இருந்தால் ஃப்ளுவாக்ஸெடினும் வலிக்குக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உங்கள் வலி கற்பனை இல்லை, இந்த மருந்து அதற்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

எனக்கு நரம்பு வீக்கம்னு சொன்னாங்க. இது வீக்கத்தை வத்த வைக்குமா?

'நரம்பு வீக்கம்' என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. தொழுநோயில் சில சமயம் நரம்பு உண்மையிலேயே அழற்சி கண்டு தடித்து வலிக்கும். உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தாக்கும் நோய்களும் உண்டு. அங்கே அழற்சியை உடனே அடக்காவிட்டால் கை, கால் செயலிழக்கலாம். தொழுநோய் அழற்சிக்கு பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு தேவைப்படும். மற்றவற்றுக்கு அந்தந்த நோய்க்குரிய சிகிச்சை. அமிட்ரிப்டிலின் அந்த வேலையைச் செய்யாது. கையோ காலோ பலம் இழந்துகொண்டே வந்தால், பாதம் தொங்கினால், வலி மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் நரம்பியல் டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரையாலும் அக்கியாலும் வரும் எரிச்சலில் நடப்பது வேறு. நரம்பு ஏற்கெனவே சேதப்பட்டிருக்கிறது. காரணமே இல்லாமல் அது மூளைக்கு வலிச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தியைத்தான் இந்த மாத்திரை குறைக்கிறது. சேதத்தை ஆற்றுவதில்லை. ஆகவே மாத்திரை சாப்பிடுகிறோம் என்று சர்க்கரையைக் கவனிக்காமல் விட்டால், வலி தெரியாமலே சேதம் வளரும்.

டைக்ளோஃபினாக் போட்டும் கேக்கல. அதைவிட இது ஸ்ட்ராங்கா?

ஸ்ட்ராங் என்பதல்ல, வழியே வேறு. கால் சுளுக்கினால் அங்கே சதை வீங்கி, வலியைத் தூண்டும் ரசாயனங்கள் சுரக்கும். டைக்ளோஃபினாக் அந்தச் சுரப்பைத் தடுக்கும். சேதப்பட்ட நரம்பில் வலி பிறப்பது அந்தச் சுரப்பால் மட்டும் அல்ல, எனவே அது பெரும்பாலும் கேட்காது. கேட்கவில்லை என்று இரண்டு மூன்றாகப் போட்டு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது பெரிய ஆபத்து.

நம் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் ஒரு நரம்புப் பாதை உண்டு. கீழிருந்து ஏறி வரும் வலியை, ஏரி மதகை இறக்குவது போல, அது பாதியில் அடைக்கும். மதகை இறக்கும் ஆள் நார்அட்ரினலின் என்ற ரசாயனம். சுரந்த வேகத்திலேயே நரம்பு அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அமிட்ரிப்டிலின் அந்த உறிஞ்சலைத் தடுப்பதால் மதகு கொஞ்சம் அதிக நேரம் மூடியே இருக்கிறது. சேதப்பட்ட நரம்பில் வலிச் செய்தியைக் கிளப்பிவிடும் சோடியம் வாசல்களையும் இது ஓரளவு அடைக்கிறது.

மூணு நாள் போட்டேன், ஒண்ணும் தெரியல. நிறுத்திடவா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தலைவலி மாத்திரை போல அரை மணி நேரத்தில் கேட்கும் மருந்து இல்லை இது. சிலருக்கு ஒரு வாரத்தில் லேசாகத் தெரியும். அளவைப் படிப்படியாக ஏற்றி, போதுமான அளவில் சில வாரம் சாப்பிட்ட பிறகுதான் கேட்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். ஆறு முதல் எட்டு வாரம் பார்ப்பது வழக்கம்.

அம்மாவுக்கு இடப்பக்க விலாவில் அக்கி வந்து ஆறியிருந்தது. தழும்பு காய்ந்தும் ரவிக்கையின் ஓரம் பட்டாலே துடிப்பார். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, அந்த மெல்லிய துணியை விலாவுக்கும் ரவிக்கைக்கும் நடுவில் மடித்து வைத்துக்கொள்வார். முதல் இரண்டு வாரம் மாத்திரையால் தூக்கம் மட்டும்தான் வந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் வேட்டித் துண்டு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, அவர் அதை எடுக்காமலே ரவிக்கை போட்டிருந்தார். வலி குறைந்ததா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அந்தக் கொடியைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்குது, காலைல எழுந்தா மப்பா இருக்கு. இது சரிதானா?

இந்த இரண்டும் எதிர்பார்த்தவைதான். மலச்சிக்கலும் வரும். சிலருக்கு எடை கூடும். வாய்க்கு அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் போதும். சர்க்கரை உள்ளவர்கள் இனிப்பு மிட்டாயை வாயில் அடக்க வேண்டாம், ஏலக்காயோ கிராம்போ போதும். காலையில் மப்பாக இருந்தால், படுக்கும் நேரத்தில் சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் முன்பே சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். முதல் வாரம் வண்டி ஓட்டாதீர்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது சட்டென்று நிற்காமல், கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றி விழ வாய்ப்புண்டு.

சிறுநீர் வராமல் அடைப்பது, நெஞ்சு படபடப்பு, கண்ணில் திடீர் வலியும் மங்கலும், மனக்குழப்பம் ஆகியவற்றைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள்.

நிஜமாவே எல்லாருக்கும் கேக்குமா?

கேட்காது. இதைச் சொல்லித்தான் மாத்திரையைக் கொடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நரம்பு வலி மருந்துகள் பற்றிய சோதனைகளையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு 2015-ல் 'லான்செட் நியூராலஜி' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அமிட்ரிப்டிலின் குடும்பத்து மருந்துகளுக்கு அதில் கிடைத்த எண் 3.6. ஏறக்குறைய நான்கு பேர் சாப்பிட்டால், வெற்று மாத்திரையில் கிடைத்திருக்காத அளவுக்கு, அதாவது வலி பாதியாகும் அளவுக்கு, ஒருவருக்குப் பலன் கிடைக்கிறது என்று பொருள். 2025-ல் அதே இதழில் வந்த புதிய கணக்கில் அந்த எண் 4.6 ஆகியிருக்கிறது.

ஐந்து பேரில் ஒருவர்தானா என்று தோன்றும். நரம்பு வலிக்கு உள்ள மாத்திரைகளில் இது நல்ல எண். அதே 2025 கணக்கில், நரம்பு வலிக்குத் தரும் வேறு மருந்துகளான பிரகாபலின், கபாபென்டின் வகைக்கு 8.9 வந்தது, அதாவது ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர். கேட்பவருக்கு நன்றாகக் கேட்கிறது, கேட்காதவருக்குக் கேட்பதே இல்லை என்பதுதான் நான் கடையிலும் பார்ப்பது. ஆகவே போதுமான அளவில் போதுமான நாள் பார்த்தும் கேட்கவில்லையென்றால் உங்கள் மேல் தவறு ஏதும் இல்லை. அடுத்த மருந்துக்குப் போகலாம்.

பிரகாபலின்தான் இப்ப எல்லாரும் எழுதறாங்க. பழசு எதுக்கு?

புதியது என்பதாலேயே மேல் என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் 13 மருத்துவ மையங்களில் ஷெஃபீல்டைச் சேர்ந்த சாலமன் டெஸ்ஃபாயே தலைமையில் ஒரு சோதனை நடந்து, 2022-ல் முடிவு வெளியானது. சர்க்கரை நோய் நரம்பு வலி உள்ள 130 பேர். ஒவ்வொருவருக்கும் மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பது திட்டம்: அமிட்ரிப்டிலினில் தொடங்கி போதாவிட்டால் பிரகாபலின் சேர்ப்பது, பிரகாபலினில் தொடங்கி அமிட்ரிப்டிலின் சேர்ப்பது, டுலாக்ஸெடின் என்ற இன்னொரு மருந்தில் தொடங்கி பிரகாபலின் சேர்ப்பது. ஒவ்வொரு வழிக்கும் 16 வாரம்.

பத்துக்கு 6.6 என்று இருந்த வலி மூன்று வழியிலும் 3.3-க்கு வந்தது. எதில் தொடங்கினாலும் ஒன்றுதான். வேறுபட்டது பக்க விளைவு மட்டுமே. அமிட்ரிப்டிலினில் தொடங்கியபோது வாய் வறட்சி அதிகம், பிரகாபலினில் தலைசுற்றல், டுலாக்ஸெடினில் குமட்டல். ஒரு மருந்து போதாதவர்களுக்கு இரண்டாவதைச் சேர்த்தபோது மேலும் குறைந்தது என்பதும் இதில் தெரிந்தது. ஆகவே சீட்டில் இரண்டும் சேர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். எதில் தொடங்குவது என்பதை உங்கள் இதயம், வயது, சிறுநீரகம், எடை, கையில் உள்ள பணம் இவற்றைப் பார்த்து டாக்டர் முடிவு செய்வார்.

கூடவே மீத்தைல்கோபாலமின் குடுத்திருக்காங்க. அதுதானே நரம்புக்கு சத்து?

அது பி12 வைட்டமின். உங்களுக்கு பி12 குறைந்திருந்தால் அது மிக முக்கியம், ஏனென்றால் பி12 குறைவே கால் எரிச்சலையும் மரத்துப்போதலையும் கொண்டுவரும். பல வருடம் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், பால் கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களுக்கும் குறைய வாய்ப்பு அதிகம். ஒரு முறை இரத்தத்தில் அளவு பார்த்துவிடுங்கள்.

அக்கி எழுதியாச்சு, கொப்புளமும் காஞ்சிருச்சு. அப்புறம் ஏன் எரியுது?

குயவர் வீட்டில் காவிக்கல்லைக் கரைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர்களில் காலகாலமாக இருக்கிறது. அம்மாவுக்கும் எழுதினோம். அக்கிக் கொப்புளம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே காயும். ஆனால் அக்கியைக் கொண்டுவருவது சின்ன வயதில் அம்மை போட்டபோது நரம்பு முடிச்சில் போய் ஒளிந்துகொண்ட அதே வைரஸ். வயதான பிறகு அது விழித்து, நரம்பின் வழியே இறங்கும்போது அந்த நரம்பைப் புண்ணாக்கிவிட்டுப் போகிறது. தோல் ஆறிய பிறகும் அந்த நரம்பு கத்திக்கொண்டிருப்பதுதான் நீங்கள் உணர்வது. மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்திய நரம்பு வலி என்கிறார்கள். முன்னே சொன்ன கனடா சோதனை இந்த வலிக்குத்தான் நடந்தது.

கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் மருந்தைத் தொடங்குவது நல்லது. நாங்கள் அம்மாவை டாக்டரிடம் காட்டியது ஆறாவது நாள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்பதில்லை. எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் டாக்டர். கண்ணைச் சுற்றி வந்தால் ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காதீர்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கித் தடுப்பூசியும் இப்போது இந்தியாவில் கிடைக்கிறது. விலை அதிகம்தான், விசாரித்துப் பாருங்கள்.

என் மச்சானுக்கு நல்லா கேட்டுச்சு. எனக்கு இடுப்பு வலி, அவர் அட்டைலருந்து நாலு குடுத்தாரு. போடலாமா?

வேண்டாம். இடுப்பு வலிகள் எல்லாம் நரம்பு வலி இல்லை. ஆஸ்திரேலியாவில் நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 146 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 25 மி.கி. அமிட்ரிப்டிலினையும் மற்றவர்களுக்கு ஒப்பிட வேறொரு மாத்திரையையும் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2018-ல் முடிவு வெளியிட்டார்கள். ஆறு மாத முடிவில் வலியில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. எச்.ஐ.வி.யால் வரும் நரம்பு வலிக்கும் 1998-ல் சோதித்தார்கள், அங்கே வெற்று மாத்திரையைவிட மேலாக இல்லை. முகத்தில் மின்னல் வெட்டுவது போல வரும் முக்கிளை நரம்பு வலிக்கு முதல் மருந்து கார்பமசெபின். நரம்பு வலி என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன.

யாருக்கு இது கூடவே கூடாது?

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத்துடிப்பில் கோளாறு உள்ளவர்கள் சாப்பிடக்கூடாது. கண் அழுத்த நோயில் குறுகிய கோண வகை உள்ளவர்கள், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைப்படுகிறவர்கள், வலிப்பு உள்ளவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு இதயப் படம் (ஈ.சி.ஜி.) எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கும் டாக்டர்களை நான் மதிக்கிறேன். 65-ஐத் தாண்டியவர்களுக்கு முடிந்தவரை தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டுதல்களும் உண்டு, விழுவதும் குழப்பமும் அவர்களுக்கு அதிகம் என்பதால். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை, மனச்சோர்வுக்கான வேறு மாத்திரை, தூக்கம் தரும் சளி மருந்து எதையாவது ஏற்கெனவே சாப்பிட்டால் அந்த அட்டையையும் கொண்டுவந்து காட்டுங்கள். மதுவோடு சேரவே கூடாது.

இன்னொன்று, இதை நான் ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். இந்த மாத்திரை சிறியது, பூச்சு போட்டது, பார்க்க மிட்டாய் போல இருக்கும். சின்னக் குழந்தை சில மாத்திரைகளை விழுங்கினாலே இதயத்துடிப்பு கெட்டு உயிருக்கு ஆபத்து. சாமி அலமாரியிலோ தலையணைக்கு அடியிலோ வைக்காதீர்கள். வீட்டில் யாராவது மனம் நொந்து உயிரை வெறுத்துப் பேசினால், மாத்திரையைப் பூட்டி வையுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

நார்ட்ரிப்டிலின்னு மாத்தி எழுதியிருக்காங்க. தப்பான மருந்தா?

தப்பில்லை. அமிட்ரிப்டிலின் கல்லீரலுக்குப் போனதும் அதில் ஒரு பகுதி நார்ட்ரிப்டிலினாகத்தான் மாறுகிறது. அதை நேரடியாகக் கொடுத்தால் தூக்கமும் வாய் வறட்சியும் கொஞ்சம் குறைவு. பிரகாபலினோடு ஒரே மாத்திரையாகச் சேர்த்தும் வருகிறது. சிலருக்கு 10 மி.கி.யே தாங்காமல், சிலருக்கு 50-லும் ஒன்றும் தெரியாமல் இருப்பதற்கும் கல்லீரல்தான் ஒரு காரணம். இந்த மருந்தை உடைக்கும் நொதிகள் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும்.

பழக்கமாயிடுமா? வலி போனதும் நிறுத்திக்கலாமா?

போதை மருந்து போல மேலும் மேலும் கேட்கும் பழக்கம் வராது. ஆனால் சில மாதம் சாப்பிட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். டாக்டர் சொல்லும்படி சில வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அம்மா எட்டு மாதத்தில் நிறுத்தினார். வலி திரும்பவில்லை. சிலருக்குத் திரும்பும், அப்போது மீண்டும் தொடங்குவார்கள்.

நீங்க வீக்கம் குறையாதுன்னு சொன்னீங்க. எலில பண்ணின ஆராய்ச்சில குறையுதுன்னு படிச்சேனே?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகர ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்டது அது. சுண்டெலியின் காலுக்குப் போகும் சயாட்டிக் நரம்பைச் சுற்றி ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி நரம்பு வலியை உண்டாக்கி, பிறகு அமிட்ரிப்டிலினும் டுலாக்ஸெடினும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுத்தவுடன் வரும் பலன், நான் முன்னே சொன்ன தண்டுவட மதகு வழியாக வந்தது. நாள் கழித்து வந்து நிலைக்கும் பலன் வேறு வழியில் வந்தது: தண்டுவடத்துக்கு வெளியே உள்ள நரம்பு முடிச்சில், டி.என்.எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருளின் வேலை அடங்கியது.

இதைப் படித்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. மூன்று நாளில் கேட்காமல் மூன்றாவது வாரத்தில் கேட்பது ஏன் என்பதற்கு இது ஒரு விடையாக இருக்கலாம். ஆனால் இது எலியில் கண்டது. மனித நரம்பின் அழற்சி நோயை இந்த மாத்திரை குணமாக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. ஸ்டீராய்டு தேவைப்படும் நோய்க்கு ஸ்டீராய்டுதான். முன்னே சொன்ன பதிலில் மாற்றம் இல்லை.

அறுபது வருஷ மருந்துக்கு இன்னும் ஏன் சரியான ஆதாரம் இல்லன்னு சொல்றாங்க?

2015-ல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் அமிட்ரிப்டிலின் சோதனைகளைத் துருவிப் பார்த்தார்கள். இன்றைய அளவுகோலில் முதல் தரம் என்று சொல்லத்தக்க ஒரு சோதனை கூட இல்லை என்றார்கள். பெரும்பாலானவை சிறியவை, குறுகிய காலம் நடந்தவை. மேலே சொன்ன கனடா சோதனையிலேயே 24 பேர்தான். ஆனால் அதற்காக மருந்தைக் கைவிடச் சொல்லவில்லை. பல பத்தாண்டுகளாகப் பலருக்குக் கேட்டிருக்கிறது, குறைவான பேருக்கே நல்ல நிவாரணம் கிடைத்தாலும் அவர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதினார்கள்.

காரணம் பணம். காப்புரிமை எப்போதோ முடிந்த, யார் வேண்டுமானாலும் தயாரிக்கும், சில ரூபாய்க்கு விற்கும் மாத்திரைக்குக் கோடிகளைச் செலவழித்து ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதனை நடத்த எந்த நிறுவனத்துக்கும் லாபம் இல்லை. பிரகாபலினுக்கு அந்தச் செலவு செய்யப்பட்டது. பிரிட்டனின் 130 பேர் சோதனை நடந்தது அரசாங்கப் பணத்தில். அம்மா போன்றவர்கள், மாதம் பூராவும் சேர்த்துச் சில பத்து ரூபாயில் வலியைத் தணித்துக்கொள்ளக் கூடியவர்கள், நம் நாட்டில் ஏராளம். இந்தப் பழைய மருந்தை நம் அரசு மருத்துவக் கல்லூரிகளும் அப்படி எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறை இந்த அட்டையை வெட்டிக் கொடுக்கும்போதும் எனக்குத் தோன்றுகிறது.